மாநகரில் நிழல் எங்கே? வாசகர் கேள்வி பதில்

கோடை தொடங்குவதற்கு முன், சென்னைப் பூங்காக்களைப் பற்றிய ஐயங்களை எழுதி அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் பலருக்கும் பயன்படக்கூடிய ஏழு கேள்விகளுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: மூட்டுவலிச் சிகிச்சைக்காக என் தாயாரை அழைத்து வந்து, மயிலாப்பூரில் உறவினர் வீட்டில் இரண்டு மாதம் தங்கவிருக்கிறேன். அவருக்கு வயது 72. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். தெருவில் நடக்க அம்மா அஞ்சுகிறார். எங்கே அழைத்துச் செல்லலாம்?
(கரூரிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் தங்கப்போகும் இடத்திற்கு அருகிலேயே, லஸ் சர்ச் சாலையில், நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் நிறுவனத்தைத் தொடங்கியவரும் ஆந்திர பத்திரிகையை நடத்தியவருமான காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பந்துலுவின் பெயரைத் தாங்கிய பூங்கா அது. தலைவலித் தைலம் விற்றவர் பெயரிலான பூங்காவிற்கு மூட்டுவலிக்காரர்கள் வருவது பொருத்தம்தான் என்று அங்கே நடைபயில்வோர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது சிறிய பூங்கா. ஒரு சுற்று விரைவில் முடிந்துவிடும். அதுவே உங்கள் தாயாருக்கு வசதி. களைத்தால் அமர்வதற்கு அடுத்த பெஞ்சு தொலைவில் இராது. எந்த இடத்தில் நின்றாலும் வாயில் பக்கம்தான்.

விடியற்காலையில் வேகநடைக்காரர்கள் கூட்டமாக வருவார்கள். பின்னாலிருந்து இடித்துக்கொண்டு முந்துவார்கள். ஏழரை மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும் என்பதால் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்கள் சுற்றும் திசையிலேயே சுற்றுங்கள். மழை பெய்த மறுநாள் ஓடு பதித்த பாதையை விட்டுவிட்டு மண் பாதையில் நடப்பது நல்லது. நகரின் பல பூங்காக்களில் எட்டு வடிவத்தில் கூழாங்கல் பதித்த பாதை ஒன்றைக் காண்பீர்கள். வெறுங்காலோடு அதில் நடந்தால் எல்லா நோயும் தீரும் என்று யாராவது உங்கள் தாயாரிடம் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் அதில் கால் வைக்க வேண்டாம். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒலிபெருக்கி இல்லாமல் பிள்ளைகள் பாடும் கச்சேரி அந்தப் பூங்காவில் நெடுங்காலமாக நடந்து வருகிறது. அன்றைக்கு நடையைச் சற்றுக் குறைத்துக்கொண்டு, பாட்டைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறுவயதில் சென்னைக்கு வந்து 'உயிர் காலேஜ்' பார்த்ததாக என் தாத்தா அடிக்கடி சொல்வார். சென்ட்ரல் நிலையத்திற்குப் பின்புறம் பெரிய பூங்கா ஒன்று இருந்ததாகவும் சொல்வார். அப்படி ஒன்று உண்மையில் இருந்ததா?
(ஆம்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

பதில்: இருந்தது. உங்கள் தாத்தா சொல்வதில் எதுவும் மிகையில்லை. 1859இல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், நெரிசல் மிகுந்த கறுப்பர் நகரத்து (இன்றைய ஜார்ஜ் டவுன்) மக்கள் காற்று வாங்குவதற்கென்று 116 ஏக்கரில் அமைக்கச் செய்ததுதான் 'பீப்பிள்ஸ் பார்க்' எனப்பட்ட மக்கள் பூங்கா. குளங்கள், வண்டி ஓட்டுவதற்கான சாலைகள், இசைக்குழு வாசிப்பதற்கான மேடை என எல்லாமும் அதற்குள் இருந்தன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் அதன் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் 1855இல் உயிருள்ள விலங்குகளையும் சேர்த்து வைத்துக் காட்டத் தொடங்கியிருந்தார். அந்த விலங்குகள் பின்னர் இந்தப் பூங்காவிற்கு மாற்றப்பட்டன. பாடம் செய்யப்பட்ட உடல்களும் எலும்புக்கூடுகளும் இருந்த அருங்காட்சியகத்தை மக்கள் 'செத்த காலேஜ்' என்றார்கள். புலியும் குரங்கும் நடமாடிய இடத்தை 'உயிர் காலேஜ்' என்றார்கள். இவ்வளவு துல்லியமான பெயர்களை எந்த அரசாணையும் வைத்ததில்லை.

இனி, அந்த 116 ஏக்கர் எங்கே போயிற்று என்பதைப் பார்ப்போம். முதலில் ஒரு மூலையை விக்டோரியா பொது மண்டபத்திற்குக் கொடுத்தார்கள். 1900இல் மூர் மார்க்கெட் எழுந்தது. 1913இல் மாநகராட்சியே தன் ரிப்பன் மாளிகையைக் கட்டிக்கொண்டு அங்கே குடிபுகுந்தது. பிறகு விளையாட்டரங்கம் வந்தது. 1985இல் மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் அமைந்தது. அதே ஆண்டில் விலங்குகளும் வண்டலூருக்குப் போய்ச் சேர்ந்தன. இவற்றுள் ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்தில் நகருக்குத் தேவையான கட்டடமாகத்தான் இருந்தது. ஒன்றையும் வீண் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் அவை எல்லாவற்றிற்கும் பூங்காதான் இடம் கொடுக்க வேண்டியிருந்தது. ஏனென்றால் நகரின் நடுவில் விலை கொடுக்காமல் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலம் அதுவாகத்தான் இருந்தது.

எஞ்சியிருப்பது பெரியமேட்டில், நேரு விளையாட்டரங்கத்திற்கு அருகிலுள்ள மை லேடி பூங்கா மட்டுமே. அடுத்த முறை சென்ட்ரலில் இறங்கும்போது தாத்தாவையும் அழைத்து வாருங்கள். ரயில் நிலையத்திலிருந்து ரிப்பன் மாளிகையைக் கடந்து அந்தப் பூங்கா வரை போனால், போகும் வழியெல்லாம் பழைய பூங்காவின் நிலம்தான்.

கேள்வி: கதீட்ரல் சாலையில் எதிரெதிராக இரண்டு பூங்காக்கள் உள்ளன. இரண்டிற்கும் கட்டணம் உண்டு. ஒன்றிற்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், எதற்குப் போவது?
(மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: யாரோடு போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்த இடத்தில், 2010 நவம்பரில், 20 ஏக்கரில் திறக்கப்பட்டது செம்மொழிப் பூங்கா. காரில் அமர்ந்தபடியே இட்லியும் காபியும் சாப்பிட்ட அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடும் சென்னைவாசிகள் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டல் போனாலும் அங்கே நிழல் தந்துகொண்டிருந்த முதிய மரங்களை வெட்டாமல் வைத்துக்கொண்டு பூங்காவை அமைத்ததுதான் அதன் சிறப்பு. புதிதாக வைத்த செடிகள் அழகாக இருக்கலாம். வெயில் ஏறிய பிறகும் அங்கே உட்கார முடிவது அந்தப் பழைய மரங்களால்தான்.

எதிரே, 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. பரப்பு ஏறத்தாழ 6 ஏக்கர்தான். கம்பிவடத்தில் தொங்கியபடி பறக்கும் ஜிப்லைன், பறவைக் கூடம், கண்ணாடி மாளிகை ஆகியவை அங்கே உண்டு. திறந்தபோது பெரியவர்களுக்கு 100 ரூபாயும் சிறுவர்களுக்கு 50 ரூபாயும் நுழைவுக் கட்டணமாக வைத்தார்கள். உள்ளே உள்ள விளையாட்டுகளுக்குத் தனிக் கட்டணம். பத்து வயதுப் பிள்ளைகள் உடன் வந்தால் அவர்கள் அந்தப் பக்கம்தான் இழுப்பார்கள், மாலையில் போய்வாருங்கள். பெரியவர்கள் மட்டும் போவதாக இருந்தால், என் கணக்கில் செம்மொழிப் பூங்காவிற்குத்தான் முதலிடம். ஒரு மரம் இருபது பேருக்கு நிழல் தரும் அளவுக்கு வளர முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். எவ்வளவு செலவு செய்தாலும் அதைத் திறப்பு விழாவிற்குள் கொண்டுவந்துவிட முடியாது.

கேள்வி: எங்கள் பகுதிப் பூங்காவைக் காலை பத்து மணிக்குப் பூட்டிவிட்டு, மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கிறார்கள். வெயில் நேரத்தில் பூட்டிவைத்தால் பூங்கா எதற்கு?
(சென்னை வாசகி)

பதில்: உங்கள் கோபம் எனக்கும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாதத்து நண்பகல் ஒன்றில், பூட்டிய பூங்கா ஒன்றின் வாசலில் நின்றிருக்கிறேன். கம்பிக் கதவின் அந்தப் பக்கம், வேப்ப மரத்தடியில் இரண்டு பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. இந்தப் பக்கம், மதில் ஓரத்தில் சாய்ந்துவிழுந்த ஒரு முழ நிழலில், உணவு கொண்டுபோகும் இளைஞர் மூவர் தங்கள் வண்டிகளின் மேலேயே சாய்ந்துகொண்டு அடுத்த அழைப்பிற்காகக் காத்திருந்தார்கள். காவலரைக் கேட்டதற்கு, "திறந்து வைத்தால் வந்து படுத்துத் தூங்கிவிடுகிறார்கள் சார்" என்றார். தூங்கினால் என்ன என்று கேட்க எண்ணினேன். அவர் சம்பளத்திற்கு வேலை செய்பவர் என்பதால் கேட்காமல் வந்துவிட்டேன்.

பூட்டுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் நியாயமானவையும் உண்டு. குப்பை அள்ளுவதற்கும், செடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்கும், ஒரே காவலரை வைத்துக்கொண்டு இரண்டு வேளையும் சமாளிப்பதற்கும் இடைவேளை தேவைப்படுகிறது. ஆனால் அதற்கு ஆறு மணி நேரம் வேண்டியதில்லை. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மூலம், நிழல் மிகுந்த ஒரு பகுதியை மட்டுமாவது நண்பகலில் திறந்துவைக்கக் கோரி, உங்கள் வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்வது அங்கேயே காற்றோடு போய்விடும்.

கேள்வி: சித்திரை மாதத்தில் பூங்காப் பாதை முழுவதும் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கிறது. அது சரக்கொன்றைதானே? புயலில் முதலில் விழுவதும் இந்த மரம்தான் என்கிறார்களே?
(தாம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது இயல்வாகை. சரக்கொன்றையில் பூக்கள் திராட்சைக் குலைபோலக் கீழ்நோக்கித் தொங்கும். காயும் முழ நீளத்திற்குக் குழல்போல இருக்கும். இயல்வாகையில் பூங்கொத்து மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும்; காய் தட்டையாக, செம்பு நிறத்தில் இருக்கும். உதிர்ந்து கிடக்கும் பூவைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். தலையை நிமிர்த்தி மரத்தைப் பார்த்தாலே வேறுபாடு விளங்கிவிடும்.

2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது சாய்ந்தவற்றுள் இயல்வாகையும், தூங்குமூஞ்சியும், செம்மயிற்கொன்றையும் மிகுதி. விரைவில் வளர்ந்து நிழல் தரும் என்பதற்காக அயல்நாட்டு மரங்களைச் சாலையோரங்களிலும் பூங்காக்களிலும் நிறைய நட்டிருந்தார்கள். ஆனால் குற்றம் முழுவதையும் மரத்தின் மேல் சுமத்துவது சரியன்று. அடிமரத்தைச் சுற்றிச் சிமெண்டு பூசினால் வேருக்கு நீரும் காற்றும் கிடைக்காது. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் வெட்டினால் எடை மறுபக்கம் சாயும். நடைபாதைக்கும் கேபிளுக்கும் தோண்டும்போது வேர் அறுபடும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நிற்கும் மரம், காற்று வரும்போது விழத்தான் செய்யும்.

புதிதாக நடுவதாக இருந்தால் புன்னை, மகிழம், வேம்பு, புங்கு ஆகியவற்றைக் கேளுங்கள். புங்கம்பூ உதிர்ந்து கிடப்பதும் காணத்தக்கதே. சங்கப் புலவர்கள் அதைப் பொரிக்கு ஒப்பிட்டார்கள். சென்னை எல்லைக்குள் முறிந்து தொங்கும் கிளையைக் கண்டால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் தெரிவிக்கலாம்.

கேள்வி: அடையாறு ஆலமரத்தைப் பார்க்கப் போய், எது அடிமரம் என்றே தெரியாமல் திரும்பினேன். நான் தவறான இடத்தில் தேடினேனா?
(விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: சரியான இடத்தில்தான் தேடியிருக்கிறீர்கள். தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்துவிட்டது. இன்று நிற்பவை அதன் விழுதுகள் ஊன்றிப் பருத்து மரங்களானவை. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையகமாக இருக்கும் வளாகம் அது; பொதுப் பூங்கா அன்று. ஆகவே அவர்கள் அனுமதிக்கும் நேரத்தில் மட்டுமே, நடந்து மட்டுமே பார்க்க முடியும். அமைதியாக இருக்கும்படி அங்கே சொல்வதைக் கெடுபிடி என்று எண்ண வேண்டாம். இந்த நகரத்தில் அப்படிச் சொல்லும் இடங்கள் மிகக் குறைவு.

கேள்வி: பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்து வருகிறோம். கிண்டிக் காட்டிற்குள் போய் மான்களைப் பார்க்க முடியுமா?
(சேலத்திலிருந்து ஒரு தந்தை)

பதில்: காட்டிற்குள் நினைத்தபடி போய்வர முடியாது, அதுவே அந்தக் காடு இன்னும் பிழைத்திருப்பதற்குக் காரணம். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கிண்டி, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களுள் ஒன்று. ஆளுநர் மாளிகை, ஐ.ஐ.டி. வளாகம், காந்தி மண்டபம் ஆகியவை அதைச் சுற்றிலும் நிற்கின்றன. இவையெல்லாம் ஒரு காலத்தில் ஒரே காடாக இருந்தவை. வெளிமானும் புள்ளிமானும் நரியும் நட்சத்திர ஆமையும் ஒரு மாநகரத்திற்குள்ளேயே வாழ்வது இங்கேதான்.

நீங்கள் கட்டணம் செலுத்திப் போகக்கூடியது, சர்தார் பட்டேல் சாலையை ஒட்டியுள்ள சிறுவர் பூங்கா. மான்களை அங்கேயே காட்டலாம். அதற்குப் பக்கத்தில், ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய பாம்புப் பண்ணை 1972 முதல் இருந்து வருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிள்ளைகள் அடையாளம் காணக் கற்றுக்கொண்டு திரும்பினால், பயணச் செலவு வீண் போகவில்லை என்று கொள்ளலாம். மான்களுக்குத் தீனி எதையும் நீட்ட வேண்டாம். பிஸ்கட் உறையோடு சேர்த்து விழுங்கிவிடும். காலையிலேயே போய்விடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் புறப்பட்டுவிடாதீர்கள். அன்று இரண்டிற்கும் விடுமுறை. அது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து, பூட்டிய வாசலில் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்துப் பிள்ளைகளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கும் பெற்றோரை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.