நர்சிங் கல்லூரி: வார்டைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "பி.எஸ்சி. நர்சிங் படிச்சா வேலை கிடைக்குமா?" கிடைக்கும். அதைப் பற்றி இங்கே நீட்டி எழுதப் போவதில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்கும் இரண்டாவது கேள்விதான் கவனிக்க வேண்டியது: "வென்டிலேட்டர், டயாலிசிஸ்னு இருக்கிற பேஷண்ட்டை எல்லாம் எங்க பொண்ணு பார்த்துக்குவாளா? ஊசியைக் கண்டாலே பயப்படுவாளே."

ஊசி பயம் முதல் வருடத்திலேயே பெரும்பாலும் போய்விடும். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்த பிள்ளைகளும் ஆறு மாதத்தில் புண்ணுக்கு டிரெஸ்ஸிங் செய்வார்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. ஒரே உடம்பில் நாலு நோய் இருக்கும் ஆளைக் கவனிக்க அந்தக் கல்லூரி உங்கள் பிள்ளையைப் பழக்குமா? இன்றைக்கு நம் ஊர் மெடிக்கல் வார்டில் படுத்திருப்பவர்களில் பலர் அப்படிப்பட்டவர்கள்தான்.

உதாரணத்துக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 62. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. சிறுநீரகம் செயலிழந்து வாரம் மூன்று முறை டயாலிசிஸ். இதயம் பலவீனம். இடது காலில் ஆறாத புண். பாடப் புத்தகத்தில் இந்த நான்கும் நான்கு தனித்தனிப் பாடங்கள். கட்டிலில் ஒரே ஆள்.

இவருக்கு டயாலிசிஸுக்காக ஒரு கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரண்டு ரத்தக் குழாய்களை அறுவை செய்து சேர்த்த இணைப்பு, போட்டிருப்பார்கள். அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, ரத்தம் எடுக்கக் கூடாது, டிரிப் போடக் கூடாது. ஒவ்வொரு டியூட்டியிலும் அதன் மேல் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்; இல்லையென்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். புது மாணவி என்ன செய்வாள் என்றால், கட்டிலுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாளோ அந்தப் பக்கத்துக் கையில் பி.பி. பட்டையைச் சுற்றிவிடுவாள்.

அடுத்தது தண்ணீர்க் கணக்கு. சிறுநீர் பிரியாதவருக்குக் குடித்ததெல்லாம் உடம்பிலேயே தங்கும், இதயத்துக்குச் சுமையாகும், நுரையீரலில் நீர் கோக்கும். சார்ட்டில் டிரிப் அளவை மட்டும் எழுதிவிட்டுப் போனால் போதாது. காபி, ரசம், மோர், கஞ்சி, மாத்திரை விழுங்கக் குடித்த தண்ணீர் எல்லாமே கணக்கில் வர வேண்டும். எடையைத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே மெஷினில் பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவே பார்க்க வரும் சொந்தக்காரர், உடம்புக்குக் குளிர்ச்சி என்று இளநீர் வாங்கி வருவார். இளநீரில் பொட்டாசியம் அதிகம். டயாலிசிஸ் நோயாளியின் உடம்பு அதை வெளியேற்றாது. அளவு மீறினால் இதயத் துடிப்பு தடுமாறி நின்றுபோகவும் கூடும். அன்போடு கொண்டுவந்தவரிடம் மனம் நோகாமல், ஆனால் தெளிவாக, ஏன் கூடாது என்று தமிழில் சொல்லத் தெரிய வேண்டும். இதுவும் நர்சிங் திறமைதான், ஆனால் பல கல்லூரிகளில் யாரும் இதற்கு மார்க் போடுவதில்லை.

இன்சுலின் விஷயம் இன்னும் நுட்பமானது. உடம்பில் இன்சுலினைச் சிதைத்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அது பழுதானால் இன்சுலின் நெடுநேரம் வேலை செய்யும். நேற்றுவரை சரியாக இருந்த அளவு இன்று சர்க்கரையைக் கீழே இறக்கிவிடும். சர்க்கரை இறங்கினால் நெஞ்சு படபடக்கும் என்று மாணவி படித்திருப்பாள். ஆனால் இதயத்துக்காக இவர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை அந்தப் படபடப்பை மறைத்துவிடும். மிஞ்சுவது வியர்வையும் குழப்பமான பேச்சும். "தாத்தா தூக்கக் கலக்கத்துல உளர்றார்" என்று விட்டுவிட்டு நகரும் மாணவிக்கும், உடனே விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மாணவிக்கும் உள்ள வித்தியாசம் பயிற்சியில் வருவது.

இந்திய நர்சிங் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த பி.எஸ்சி. பாடத்திட்டம் இந்த இணைப்பை ஓரளவு கட்டாயமாக்கியிருக்கிறது. நான்கு வருடம், எட்டு செமஸ்டர். நோயின் உடலியக்கமும் பராமரிப்பும் ஒன்றாகவே நடத்தப்படும். மூச்சும் துடிப்பும் நின்றவருக்கு முதல் சிகிச்சை கொடுக்கும் பயிற்சி, வலி தணிப்புப் பராமரிப்பு ஆகியவை தனி மாட்யூலாக உண்டு. கடைசி செமஸ்டரில் 22 வாரம் முழுநேர மருத்துவமனைப் பணி. தேர்வு எழுதத் தியரியில் 80 சதவீத வருகை போதும், ஆனால் மருத்துவமனைப் பயிற்சியில் 100 சதவீதத்தையும் முடித்தால்தான் பட்டம். ஊரில் திருவிழா, அக்கா கல்யாணம் என்று பிள்ளையை அழைத்துப் போகும் பெற்றோர் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விட்ட நாள்களை விடுமுறையில் திரும்பச் செய்தாக வேண்டும்.

காகிதத்தில் பாடத்திட்டம் எல்லாக் கல்லூரிக்கும் ஒன்றுதான். வார்டில்தான் வித்தியாசம் தெரியும். நன்றாக நடத்தும் இடத்தில் மாணவிக்கு ஒரே நோயாளியை ஐந்தாறு நாள் தொடர்ந்து கொடுப்பார்கள். திங்கட்கிழமை எழுதிய கேர் பிளான் (அந்த நோயாளிக்கு என்னென்ன பராமரிப்பு என்ற திட்டம்) புதன்கிழமை ஏன் பொருந்தாமல் போனது என்று டியூட்டி முடிவில் உட்கார வைத்துக் கேட்பார்கள். மோசமான இடத்தில் தினம் ஒரு கட்டில், தினம் ஒரு கேஸ். கேர் பிளான் சீனியர் அக்காவின் ஃபைலிலிருந்து இறங்கும். எல்லா நோயாளிக்கும் முதல் வரி "தொற்று ஏற்படும் அபாயம்" என்றே இருக்கும். அந்த ஃபைல்களில் நான்கைப் புரட்டினால் போதும், அந்தக் கல்லூரியின் தரம் தெரிந்துவிடும்.

இன்னொரு அடையாளம் மூச்சு எண்ணிக்கை. நோயாளியின் நிலை மோசமாவதை முந்திக் காட்டும் அறிகுறிகளில் முக்கியமானது மூச்சின் வேகம். வார்டில் மிக அலட்சியமாகப் பார்க்கப்படுவதும் அதுதான். கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் 18, 20, 18, 20 என்று ஓடும். முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், ஏனென்றால் தன் மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி மூச்சு விடும் விதமே மாறிவிடும். 18 இருந்தவருக்கு இன்று 26 என்றால், பி.பி.யும் நாடியும் நன்றாக இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

சிரிஞ்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது: மில்லிலிட்டருக்கு 40 யூனிட், மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 40-க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்குரியதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே வருவது கால் மில்லிலிட்டர், அதாவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. மேலே சொன்ன 62 வயதுக்காரருக்கு இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மாற்றி, 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் இழுத்தால், 10 போட்டதாக எழுதி 4 யூனிட்தான் போயிருக்கும். சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று எல்லாரும் குழம்புவார்கள். குப்பியையும் சிரிஞ்சையும் அருகருகே பிடித்து இரண்டு பேர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது இதற்காகத்தான்.

ஐ.சி.யு. போஸ்டிங் பற்றி அதிகம் பயப்படுகிறீர்கள். அங்கே மாணவி தனியாக விடப்படுவதில்லை. அதற்கு முன் ஸ்கில் லேபில் பொம்மையிடம் பழகியிருக்க வேண்டும். மூச்சு விடுவதற்காகத் தொண்டையில் துளையிட்டு டிரக்கியாஸ்டமி குழாய் போட்டவருக்குச் சளி உறிஞ்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆக்சிஜன் கூட்டிக் கொடுக்க வேண்டும். உறிஞ்சு குழாயின் பருமன், தொண்டைக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே இழுக்கும்போதுதான். ஒரு முறைக்கு 10 முதல் 15 விநாடி, அதற்கு மேல் போனால் நோயாளியின் ஆக்சிஜன் இறங்கும், துடிப்பு குறையும். கட்டிலருகே அதே அளவில் ஒரு மாற்றுக் குழாயும் ஒரு அளவு சிறியது இன்னொன்றும் எப்போதும் இருக்க வேண்டும். மூன்றாம் வருட மாணவி யாரிடமாவது "எத்தனை விநாடி?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் அங்கே லேப் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பொம்மை கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்திருந்தால், இன்ஸ்பெக்‌ஷனுக்காக வாங்கியது.

கல்லூரி பார்க்கப் போவதென்றால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். வேலை நாளில், காலை பத்து மணிக்குப் போங்கள். இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும், தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே இணையத்தில் பார்த்துவிடலாம். நேரில் கேட்க வேண்டியவை வேறு. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை எது, கட்டில்களில் எத்தனை உண்மையில் நிறைந்திருக்கின்றன? கவுன்சில் எதிர்பார்ப்பது ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் என்ற கணக்கு. பாதிக் கட்டில் காலியாக இருந்தால் அது நடக்காது. டயாலிசிஸ் யூனிட், ஐ.சி.யு. இரண்டும் அங்கேயே உண்டா, இல்லை பஸ்ஸில் அனுப்புகிறார்களா? பஸ்ஸில் அனுப்புவது தவறில்லை, கூடவே ஆசிரியை போகிறாரா என்பதுதான் கேள்வி. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியை என்பது விதி. வார்டில் கேப்டன் மாதிரி ஒரு சீனியர் மாணவி மட்டும் நின்றால் யோசியுங்கள்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். சென்னை, மதுரை போன்ற இடங்களின் பெரிய அரசு மருத்துவமனைகளில் பார்க்கக் கிடைக்கும் நோயாளிகளின் வகையைப் பல தனியார் இடங்கள் கொடுக்க முடியாது. குறையும் உண்டு. கூட்டம் அதிகம், ஒவ்வொரு மாணவியையும் உட்கார வைத்துத் திருத்த நேரம் குறைவு. பிள்ளையே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டும். வேலூர் சி.எம்.சி. 1946-லேயே பட்டப்படிப்பைத் தொடங்கிய இடம். அங்கே போட்டி கடுமை, மாற்றுத் திட்டமும் கையில் இருக்கட்டும்.

உங்கள் பிள்ளையின் பாதுகாப்பு. சேருவதற்கு முன்பே மஞ்சள் காமாலை பி தடுப்பூசியைத் தொடங்குங்கள். 0, 1, 6 மாதம் என மூன்று ஊசி. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்புச் சக்தி அளவு 10 mIU/mL-க்குக் கீழே இருந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும். ஊசி குத்திவிட்டால் திட்டுவார்களோ என்று மறைக்கும் பிள்ளைகள் உண்டு. மறைக்கக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் சில மணி நேரத்திலேயே தொடங்குவது நல்லது. இதை வீட்டில் நீங்கள்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு இந்தத் திறமைக்கு எங்கே மதிப்பு? ஐ.சி.யு.வில் ஒரு வருடம் வேலை பார்த்தவர்கள் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்குப் போகலாம். அது பெரும்பாலும் வார்டிலேயே வேலை செய்தபடி படிக்கும் ரெசிடென்சி. வீட்டுப் பக்கமும் வேலை விரிகிறது: 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பு, வயிற்று வழி டயாலிசிஸ் பைகள் எல்லாம் உண்டு. அமெரிக்கா போக நினைப்பவர்கள் எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு 2023 ஏப்ரலில் மாறிவிட்டது. ஒரு நோயாளியின் நிலை விரிந்துகொண்டே போகும், அதன் மேல் ஆறு கேள்விகள். இப்படி மூன்று நோயாளிகள். எதைக் கவனித்தாய், எதை முதலில் செய்வாய், செய்தபின் என்ன மாறியது என்று கேட்கும். மனப்பாடம் செய்தவர்கள் தடுமாறும் பகுதி இதுதான். கோச்சிங் சென்டரில் மூன்று மாதத்தில் இது வந்துவிடாது.

கல்லூரி திறக்க இன்னும் சில வாரம் இருக்கிறது என்றால் பிள்ளைக்கு ஒரு கணக்கு மட்டும் பழக்கிவிடுங்கள். 500 மில்லி டிரிப், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். டிரிப் ஏற்றும் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு 42 சொட்டு. செட்டின் உறையிலேயே ஒரு மில்லிக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். அதைப் பார்க்காமல், குழந்தைகளுக்கான 60 சொட்டு செட்டை மாட்டிவிட்டு அதே 42-ஐ வைத்தால், நாலு மணி நேரத்தில் முடிய வேண்டிய பாட்டில் பன்னிரண்டு மணி நேரம் தொங்கும்.