தெருவில் நின்ற தெய்வங்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: கிறித்தவத்துக்கு மாறிய பேரரசர் கான்ஸ்டன்டைனே கிரேக்க தெய்வச் சிலைகளைக் கொண்டுவந்து தன் புதுத் தலைநகரில் நிறுத்தினாராமே, உண்மையா? (மதுரை வாசகர்)

உண்மைதான். அப்படிக் கொண்டுவந்தவற்றில் ஒன்று இன்றும் இஸ்தான்புல்லில் (அதுதான் அந்தப் புதுத் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிள்), பழைய குதிரைப் பந்தயத் திடலில் நிற்கிறது. கி.மு. 479இல் பிளாட்டேயா போரில் பாரசீகரை வென்ற கிரேக்க நகரங்கள், டெல்ஃபியில் அப்போலோவுக்குக் காணிக்கையாக வைத்த வெண்கலப் பாம்புத் தூண் அது. மூன்று பாம்புகளுக்கும் இப்போது தலை இல்லை. ஒரு தலையின் மேல்தாடை மட்டும் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஸெயுக்ஸிப்பஸ் குளியலகத்தில் இருந்த சுமார் 80 சிலைகளைக் கி.பி. 500 வாக்கில் கிறிஸ்டோடோரஸ் என்ற கவிஞர் ஒவ்வொன்றாக வர்ணித்திருக்கிறார். 532இல் நடந்த நிகா கலவரத்தில் அந்தக் குளியலகம் எரிந்துபோனது.

கான்ஸ்டன்டைனின் வரலாற்றை எழுதிய ஆயர் யூசிபியஸுக்கு இது சங்கடமான சங்கதி. ஜனங்கள் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் பேரரசர் சிலைகளை வைத்தார் என்று எழுதிச் சமாளித்தார். நம்பும்படியாக இல்லை. சிரிப்பதற்காக யாரும் இத்தனை செலவு செய்து வெண்கலத்தையும் பளிங்கையும் ஊர்விட்டு ஊர் கொண்டுவர மாட்டார்கள். புது நகரத்துக்குப் பழைய நகரங்களின் மிடுக்கு தேவைப்பட்டது. சிலை வந்தது, பலி வரவில்லை. பேரரசருக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்வி: சிலைகளை உடைக்கச் சட்டமே போட்டார்கள் என்று படித்தேன். எந்த ஆண்டு? (கோவை வாசகர்)

ஒரே சட்டம் அல்ல. ஒன்றோடொன்று இடிக்கும் பல ஆணைகள் வந்தன. 382இல் சிரியா எல்லைப் பக்கத்துக் கோயில் ஒன்றைப் பற்றி (எடெஸ்ஸா நகரத்துக் கோயில் என்பது பொதுவான கருத்து) பேரரசர் தியோடோசியஸ் ஆணையிட்டார். கோயில் திறந்திருக்கலாம், ஜனங்கள் கூடலாம், உள்ளே உள்ள சிலைகளைத் தெய்வமாக அல்ல, கலைமதிப்பால் எடைபோட வேண்டும், பலி மட்டும் கூடாது என்பது அதன் சாரம். 399இல் வந்த இன்னோர் ஆணையும் பலியைத் தடுத்தது, ஆனால் பொதுக் கட்டடங்களின் அலங்காரத்தில் கை வைக்கக் கூடாது என்றது. 407–408இல் தொனி மாறியது. கோயில்களில் வழிபாடு பெற்ற அல்லது பெறும் சிலைகளைப் பீடத்திலிருந்து பெயர்த்தெடுக்கச் சொன்னார்கள்.

இந்தக் கடைசி ஆணையிலும் நிபந்தனையைக் கவனியுங்கள். முன்னால் பலியும் தூபமும் நடந்ததா என்பதுதான் கேள்வி. சந்தைச் சதுக்கத்தில் அழகுக்கு நின்ற சிலையும் கருவறைச் சிலையும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. கோபத்தோடு திரண்ட கூட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன என்பது வேறு விஷயம்.

கேள்வி: தெருவெங்கும் சிலை என்றால் பக்தியுள்ள கிறித்தவர் எப்படி நடமாடினார்? (நாகர்கோவில் வாசகர்)

கி.பி. 200ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் எழுதிய கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துலியன் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். தெரு, சந்தை, குளியலகம், சத்திரம், ஏன், நம் வீடுகள்கூட விக்கிரகம் இல்லாமல் இல்லை. இடம் நம்மைத் தீட்டாக்காது, அங்கே செய்யும் காரியமே தீட்டாக்கும் என்றார். வழிபாட்டோடு ஒட்டாத நேர்மையான வேலை இருந்தால் கோயிலுக்குள்ளேயே போகலாமாம்.

தொழில் விஷயத்தில் மட்டும் கறார். சிலை செதுக்கக் கூடாது, பலிக்குச் சாம்பிராணி விற்கவும் கூடாது. பிழைப்புக்கு என்ன வழி? லிண்டன் மரத்தில் போர்த்தெய்வம் மார்ஸைச் செதுக்கத் தெரிந்தவனுக்கு அலமாரி செய்ய எவ்வளவு நேரமாகும் என்று கேட்கிறார். அதில் கூலி குறைவு என்றால், ஆர்டர் அதிகம் கிடைக்குமே என்பது அவருடைய கணக்கு.

கேள்வி: சிலையை உடைக்கப்போய் இறந்தவர் இரத்தசாட்சியா, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவரா? (தூத்துக்குடி வாசகர்)

இல்லை. ஸ்பெயினில், இன்றைய கிரனாடா பக்கம், 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய எல்விரா திருச்சபைச் சங்கத்தின் 60ஆம் விதி இதைப் பற்றியதுதான். விக்கிரகத்தை உடைத்து அங்கேயே கொல்லப்பட்டவரை இரத்தசாட்சிகளோடு சேர்க்கக் கூடாது, நற்செய்தியில் அப்படி எழுதியில்லை, அப்போஸ்தலர் காலத்தில் அப்படி நடந்ததுமில்லை என்கிறது. பவுலும் ஏதென்ஸில் விக்கிரகங்களைப் பார்த்து மனம் கொதித்தார், ஆனால் வாதாடினாரே தவிர ஒன்றையும் தொடவில்லை.

வட ஆப்பிரிக்க ஆயர் அகஸ்டினும் பிறர் நிலத்துச் சிலைகளை, அதிகாரம் இல்லாமல் போய் உடைக்காதீர்கள், முதலில் அவர்கள் இதயத்திலுள்ளதை உடையுங்கள் என்று பிரசங்கித்தார். இப்போதைய துனிசியாவில் உள்ள சூஃபெஸில், ஹெர்குலிஸ் சிலை போன ஆத்திரத்தில் 60 கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள். உங்கள் ஹெர்குலிஸைச் செய்து தந்துவிடுகிறோம், கல்லும் இருக்கிறது, சிற்பியும் இருக்கிறார், நீங்கள் எடுத்த உயிர்களைத் திருப்பித் தாருங்கள் என்று அந்த ஊர்ப் பெரியவர்களுக்குக் கடிதம் எழுதினார். சிலை எடுத்தது தவறு என்று அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை.

கேள்வி: அருங்காட்சியகச் சிலைகளுக்கு மூக்கு இல்லையே, எல்லாம் கிறித்தவர் வேலையா? (சென்னை வாசகர்)

அவசரப்பட வேண்டாம். மூக்கும் கையும் துருத்திக்கொண்டிருப்பவை. நில அதிர்விலோ கூரை இடிந்தோ சிலை விழுந்தால் முதலில் போவது அவைதான். கழுத்தும் கணுக்காலும் மெலிந்த இடங்கள், அங்கே முறிந்திருந்தாலும் அதுவே சாட்சியாகாது. உளித்தடத்தைத் தேடுங்கள். விழுந்து உடைந்த முகம் ஒழுங்கில்லாமல் சிதறியிருக்கும். வேண்டுமென்றே சிதைத்ததில் கண், வாய், பிறப்புறுப்பு என்று குறிவைத்த கொத்தல் இருக்கும், பக்கத்தில் உள்ள ஆடை மடிப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

அடுத்து நெற்றி. ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்து அஃப்ரோதித்தி தலையில் சிலுவை கீறியிருக்கிறது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், எகிப்தில் கிடைத்த ஜெர்மானிக்கஸ் தலையிலும் அதே கீறல். ஜெர்மானிக்கஸ் தெய்வமல்ல, ரோமானிய அரசகுடும்பத்து ஆள். பிசாசை விரட்டக் கீறினார்களா, சிலைக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் காப்பாற்றக் கீறினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முகத்தைக் கொத்தாமல் சிலுவை மட்டும் போட்ட சிலைகளைப் பார்த்தால் இரண்டாவது எனக்கு நியாயமாகப் படுகிறது.

உண்மையில் பளிங்கின் பெரிய எமன் சுண்ணாம்புக் காளவாய். சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 100 கிலோ தூய பளிங்கிலிருந்து 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். பக்தியும் வேண்டாம், பகையும் வேண்டாம், வீடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், அவ்வளவே. வெண்கலம் உருக்கும் உலைக்குப் போனது. 1204இல் சிலுவைப் போராளிகள் கான்ஸ்டான்டிநோபிளில் ஹீராவின் சிலையை உருக்கியபோது, தலையை இழுக்கவே நான்கு ஜோடி எருதுகள் திணறின என்கிறார் அந்தக் கால வரலாற்றாசிரியர் நிக்கேட்டஸ் கோனியாட்டிஸ்.

கேள்வி: சிலைகளுக்குத் தீய சக்தி உண்டு என்ற பயம் எப்போது தீர்ந்தது? (திருச்சி வாசகர்)

லேசில் தீரவில்லை. 1203இல் கான்ஸ்டான்டிநோபிள் கூட்டம் ஓர் அதீனா சிலையை நொறுக்கியது. நீட்டிய கையால் மேற்கத்தியப் படையை அழைக்கிறாள் என்ற சந்தேகம். இத்தாலியின் சியெனாவில், கண்டெடுத்த பழஞ்சிலை ஒன்றை ஊரே கொண்டாடி நீரூற்றில் வைத்தது. பிறகு போரில் அடி மேல் அடி. 1357 நவம்பரில் சிலையை இறக்கித் துண்டாக்கி, எதிரி ஊரான ஃபுளோரன்ஸின் எல்லைக்குள் புதைத்தார்கள் என்று சிற்பி கிபெர்ட்டி எழுதிவைத்திருக்கிறார். துரதிர்ஷ்டம் அவர்களுக்கே போகட்டும் என்ற எண்ணம்!

கேள்வி: போப்பாண்டவர்கள் இந்தச் சிலைகளை எப்படிப் பார்த்தார்கள்? (புதுச்சேரி வாசகர்)

ஆளுக்கு ஒரு மாதிரி. 1506இல் ரோமில் தோண்டியெடுத்த லாவோக்கூன் என்ற பழஞ்சிற்பத்தை இரண்டாம் ஜூலியஸ் வாங்கி வத்திக்கான் முற்றமொன்றில், மற்றப் பழஞ்சிலைகளோடு வைத்தார். 1522இல் பதவிக்கு வந்த ஆறாம் ஏட்ரியன் அவற்றைப் பழங்காலத்தாரின் விக்கிரகங்கள் என்று சொல்லி, அந்த முற்றத்தையே பூட்டினார். ஐந்தாம் சிக்ஸ்டஸ், ரோமானியப் பேரரசர்களின் நினைவுத் தூண்களான டிராஜன் தூணின் உச்சியில் பேதுருவையும், மார்க்கஸ் ஆரேலியஸ் தூணின் உச்சியில் பவுலையும் ஏற்றினார். 1762இல் முடிந்த ரோமின் டிரெவி நீரூற்றில் நடுமாடத்தில் நிற்பது கடல்தெய்வம் ஓசியானஸ். அவர் தலைக்கு மேலே, கட்டடத்தின் உச்சியில் இருப்பது பன்னிரண்டாம் கிளெமென்ட் போப்பின் குலச்சின்னம்.