நீர்க்கட்டியும் குழந்தைப்பேறும்: சுங்கை சிப்புட் பெண்களின் கேள்விகளுக்குப் பதில்

அரசு மருத்துவமனையில் பெண்கள் நலப் பிரிவுத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் சீட்டில் எழுதிக் கொடுக்கப்பட்ட கேள்விகள் இவை. பெயர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். மருந்து எழுதித் தருவது மருத்துவரின் பொறுப்பு. அவர் அவசரத்தில் விளக்காமல் விட்டதை விளக்குவதோடு என் வேலை முடிந்தது.

கேள்வி: அக்கா, ஸ்கேனில் இரண்டு சினைப்பையிலும் நிறைய சிறு கட்டிகள் என்கிறார்கள். அறுத்து எடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை தங்கை. நீர்க்கட்டி (பி.சி.ஓ.எஸ்.) என்று சொல்வது இதைத்தான். அவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன கருமுட்டைப் பைகள். மாதம் ஒன்று முழுதாக வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியே விட வேண்டும். இன்சுலினும் ஆண் ஹார்மோனும் மிகுந்திருப்பதால் அந்த வளர்ச்சி தடைப்படுகிறது. முட்டை உங்களிடம் இருக்கிறது, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். குழந்தை தாமதமாவதற்கான காரணங்களில் வைத்தியத்துக்கு நன்றாக மசிவது இது.

ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டவும் கூடாது. மாதவிலக்கு ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி (முகத்தில் முடி, கடும் பரு அல்லது இரத்தப் பரிசோதனை), ஸ்கேனில் தெரியும் கட்டிகள் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால்தான் நீர்க்கட்டி என்று சொல்ல வேண்டும் என்பது 2003இல் ரோட்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த கணக்கு. தைராய்டும், பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனும் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: மருமகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் தீட்டு வருகிறது. உடம்புச் சூடு என்று ஒருவர் மாதம் 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மாத்திரை விற்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள் அம்மா. மலேசியாவில் பதிவான மருந்தின் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும். அந்த டப்பாவில் அவை இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்கக் கூடாது. உங்கள் மகனுக்கு விந்துப் பரிசோதனை செய்தாயிற்றா? பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் சேர்ந்திருக்கிறது. இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்த்துவிட்டு மாதிரி கொடுத்தால் போதும், ஊசி கூடக் கிடையாது. மருமகள் கோயில் கோயிலாகவும் கிளினிக் கிளினிக்காகவும் அலைய, மகன் மட்டும் வீட்டில் இருப்பதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

கேள்வி: 82 கிலோ இருக்கிறேன். எடை குறைந்தால்தான் வைத்தியம் என்கிறார்கள்.

ஐந்து விழுக்காடு, அதாவது நான்கு கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகத் தொடங்கும். டின் பால் ஊற்றிய தே தாரிக்கையும் ஐஸ் மைலோவையும் முதலில் நிறுத்துங்கள். சோற்றை அப்புறம் பார்க்கலாம். ஆனால் வயது 35ஐத் தாண்டியிருந்தால் எடைக்காக ஓராண்டைச் செலவழிக்காதீர்கள். ஆறு மாதம் முயன்றும் தங்கவில்லை என்றால் நேரே மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: லெட்ரோசோல் கொடுத்தார்கள். உள்ளே இருந்த தாளில் மார்பகப் புற்றுநோய் மருந்து என்றிருக்கிறது. பயந்து தொடவே இல்லை.

பயம் நியாயமானது. மருத்துவர் ஒரு நிமிடம் செலவிட்டிருந்தால் அந்தப் பயமே வந்திருக்காது.

ஆண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதை இந்த மருந்து தடுக்கிறது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் புற்றுநோய்க்கு அதைப் பல ஆண்டுகள், அன்றாடம் கொடுக்கிறார்கள். உங்களுக்கு ஐந்து நாள் மட்டுமே, பெரும்பாலும் மாதவிலக்கின் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததாக மூளை உணர்ந்து, கருமுட்டைப் பையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. நின்றுபோன பைகளில் ஒன்று வளர்ந்துவிடுகிறது. உடலில் மருந்தின் அளவு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஏறக்குறையப் பாதியாகும் என்பதால் கருத்தரிக்கும் வேளையில் மிகச் சொற்பமே மிஞ்சும். தொடங்குமுன் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்வது மட்டும் கட்டாயம்.

முட்டையை வெளியேற்ற இதற்கு முன்பிருந்தே கொடுத்துவரும் பழைய மருந்து குளோமிஃபின். 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் நீர்க்கட்டி உள்ள 750 பெண்களுக்கு ஐந்து சுழற்சி வரை இவற்றில் ஒன்றைக் கொடுத்தார்கள். லெட்ரோசோல் எடுத்தவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குளோமிஃபின் எடுத்தவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. 2023ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலும் லெட்ரோசோலையே முதலில் வைக்கிறது. நூற்றுக்கு நூறு இல்லை என்பதையும் அந்த எண்ணிலேயே பாருங்கள். ஒரு மாதத்தில் தங்கவில்லை என்று மருந்தைத் தூக்கி எறியாதீர்கள்.

கேள்வி: சர்க்கரை நோய் இல்லாத எனக்கு ஏன் மெட்ஃபார்மின்?

இன்சுலின் சரியாக வேலை செய்வதற்கு. குழந்தைக்காக அதை மட்டும் தனியாக நம்பினால் பலன் குறைவு, முட்டையை வெளியேற்றும் மருந்தோடு சேர்த்தால் சிலருக்கு உதவும். சாப்பாட்டோடு போடுங்கள், சிறிய அளவில் தொடங்கச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போனால் அன்று முழுவதும் கழிப்பறைதான்.

கேள்வி: பார்மசியில் விற்கும் முட்டை வெளியாகும் நாளைக் காட்டும் பட்டை சரியாகக் காட்டுமா?

உங்களை ஏமாற்றலாம். அது தேடும், முட்டையை வெளியேறத் தூண்டும் எல்.எச். ஹார்மோன் நீர்க்கட்டி உள்ளவர்களுக்கு எப்போதுமே கூடுதலாக இருக்கலாம்.

கேள்வி: மாத்திரை பலிக்கவில்லை. அடுத்து என்ன? செலவுக்கு எங்கே போவது?

கருக்குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்காமலிருந்தால் இப்போது எடுக்க வேண்டும். அடுத்தது ஹார்மோன் ஊசி. அல்லது சினைப்பையில் சிறு துளைகள் இடும் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு கீறல் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் அறுவை. சோதனைக்குழாய் முறை அதற்கும் பிறகு. ஊசியில் சினைப்பை அளவுக்கு மீறி வீங்கும் ஆபத்து உங்களைப் போன்றவர்களுக்கு அதிகம் என்பதால் ஸ்கேன் பார்த்துக்கொண்டேதான் போட வேண்டும். வயிறு உப்பி மூச்சு வாங்கினால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

எடுத்த எடுப்பில் தனியாரிடம் ஓடாதீர்கள். சுகாதாரக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டிப் பார்த்து, ஈப்போ பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்குங்கள். குடிமக்களுக்கு நிபுணரைப் பார்க்க ஐந்து வெள்ளிதான். சோதனைக்குழாய் வரை போக நேர்ந்தால், 2020 முதல் ஊழியர் சேமநிதியிலிருந்து அதற்குப் பணம் எடுக்கலாம். தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்யும் பலருக்கு இது தெரியவே இல்லை.

கேள்வி: லெட்ரோசோலில் தங்கிவிட்டது, ஏழு வாரம். மெட்ஃபார்மினை நானே நிறுத்தலாமா?

மகிழ்ச்சி தங்கை. நிறுத்துவதா தொடர்வதா என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். இந்த வாரமே கிளினிக்கில் பதிந்துகொண்டு மருத்துவரிடம் கேளுங்கள். நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். இனிப்பு நீர் குடித்துச் செய்யும் சோதனையை இப்போதே கேட்டு வாங்குங்கள். சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்யுங்கள்.