லிவ்ரே ஆ-ன்னா புக்லெட் ஏ இல்லீங்க

கேள்வி: பாரிஸ்ல இருக்கேன், லண்டன்ல மாஸ்டர்ஸ் படிக்க விசா போடணும். பேங்க் பேப்பர் எல்லாம் ஃப்ரெஞ்சுல இருக்கு. ஆன்லைன் ட்ரான்ஸ்லேட்டர்ல போட்டா லிவ்ரே ஆங்கற சேவிங்ஸ் அக்கவுண்ட்டை 'புக்லெட் ஏ'ன்னு காட்டுது, அப்படியே விட்டுடலாமா?

ஐயோ, வேணாம். லிவ்ரேன்னா சின்ன புக்குதான், 1818ல ஆரம்பிச்ச பழைய பாஸ்புக் காலத்துப் பேரு அது, ஆனா விசா ஆபீசருக்கு புக்லெட்னா என்ன புரியும்? பேரை லிவ்ரே ஆ-ன்னே விட்டுட்டு பக்கத்துல 'டாக்ஸ் ஃப்ரீ சேவிங்ஸ் அக்கவுண்ட், இன்ஸ்டன்ட் ஆக்சஸ்'னு மொழிபெயர்க்கறவரைப் போடச் சொல்லுங்க. வட்டியை கவர்மெண்ட் ஃபிக்ஸ் பண்ணுது, 22,950 யூரோ வரைக்கும் போடலாம், எப்ப வேணா எடுக்கலாம், அந்த எடுக்கலாம்ங்கறதுதான் உங்க கேஸ்ல முக்கியம்.

பெ.எ.எல். இருந்தா ஜாக்கிரதை. அது ஹோம் சேவிங்ஸ் ப்ளான், கொஞ்சம் பணம் மட்டும் எடுக்க முடியாது, கை வச்சா ப்ளானே க்ளோஸ் ஆயிடும், அதை வெறும் சேவிங்ஸ் அக்கவுண்ட்னு எழுதினா தப்பு. அசுரான்ஸ் வீ இன்னும் மோசம், வார்த்தைக்கு வார்த்தை லைஃப் இன்சூரன்ஸ்தான், ஆனா ஃப்ரான்ஸ்ல ஜனங்க அதுல போடறது முதலீட்டுக்காக, அதனால 'லைஃப் இன்சூரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் காண்ட்ராக்ட்'னு எழுதறதுதான் என் பழக்கம்.

கோன்த் கூரான்னா லண்டன்ல கரண்ட் அக்கவுண்ட், அமெரிக்காவுக்குன்னா செக்கிங். நம்மூர்ல கரண்ட் அக்கவுண்ட்னா கடைக்காரங்க வச்சிருக்கறது, அதோட குழப்பிக்காதீங்க. விர்மோன் ட்ரான்ஸ்ஃபர், ப்ரெலெவ்மோன் டைரக்ட் டெபிட், தேக்கூவேர் ஓவர்டிராஃப்ட். 'சோல்ட் க்ரெதித்தேர்'னு பாத்ததும் கடன்னு பயப்படாதீங்க, அது உங்க கையிருப்பு, தெபித்தேர்னா தான் மைனஸ்.

நம்பரையும் பாருங்க. ஃப்ரெஞ்சுல '1 250,00'னு இருக்கும், நடுவுல இடைவெளி, பைசாவுக்கு கமா. நான் ஆரம்பத்துல ஒரு தடவை கமாவை அப்படியே விட்டுட்டேன், படிச்சவங்களுக்கு ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரமா தெரிஞ்சுது! 1,250.00னு மாத்தணும்.

அப்புறம் ட்ரான்ஸ்லேஷன்ல 'ஒரிஜினலுக்கு சரியா இருக்கு'ன்னு ஒரு வரி, தேதி, மொழிபெயர்த்தவர் முழுப் பேரு, கையெழுத்து, காண்டாக்ட் எல்லாம் கேப்பாங்க, ஃப்ரெஞ்சு பேப்பரையும் சேத்தே அனுப்புங்க.