சிமெண்டுத் தரையில் பழைய பார்க்கே: கேள்வி பதில்

சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மரத்தரை மாற்றுவது பற்றி மட்டும் கேளுங்கள். கதவு நிறம், திரைச்சீலை வேண்டாம். பார்க்கே என்றால் சிறு மரக்கட்டைகளை ஒட்டிய தரை. கேட்பவரை அவர் பேட்டைப் பெயரால் குறிக்கிறேன்.

பிடோக்: பார்க்கேயைப் பெயர்த்ததும் அடியில் கறுப்புப் பசை. தரை தேய்க்கும் கிரைண்டர் போடலாமா?

பொறுங்கள். பழைய கறுப்புப் பசையில் ஆஸ்பெஸ்டாஸ் (நுரையீரலைக் கெடுக்கும் கல்நார்) இருக்கலாம். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. துணுக்கு ஒன்றை ஆய்வகத்துக்குக் கொடுங்கள். இல்லை என்று வந்தால் மட்டும் வைரச் சக்கரம், தூசி உறிஞ்சியோடு.

அடுத்து சுத்தியல் பிடியால் தரை முழுக்கத் தட்டுங்கள். உள்ளே வெற்றாக இருப்பதுபோல் சத்தம் வந்தால் அங்கே சிமெண்டுப் பூச்சு விட்டுப்போயிருக்கிறது. வெட்டியெடுத்து ஒட்டுப்போட வேண்டும். பிறகு 2 மீட்டர் நேர்க்கட்டையை வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் சமன்கலவை (தானே பரவிச் சமமாகும் சிமெண்டுக் கலவை) ஊற்றுங்கள். சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனத்துக்குச் சுமார் 1.6 கிலோ பிடிக்கும். 10 சதுர மீட்டர் அறையில் 3 மி.மீ. என்றால் 48 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை இரண்டு. பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் ஊற்றினால் சிமெண்டு தண்ணீரை உறிஞ்சிவிடும். கலவை குமிழ் விட்டு, பிறகு அப்பளமாக உரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால்: ஈரம் பார்க்காமல் பலகை வாங்காதீர்கள்.

ஈசூன்: எப்படிப் பார்ப்பது?

45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றாலோ தரை கறுத்தாலோ ஈரம். ஒன்றும் தெரியாததால் காய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. தரையில் துளைபோட்டு ஈரமானி வைப்பதே உறுதி. துளைக்குமுன் உள்ளே குழாய், மின்கம்பி ஓடுகிறதா பாருங்கள்.

உட்லண்ட்ஸ்: எஸ்.பி.சி. வினைல் (கல்தூள் கலந்த கெட்டிப் பிளாஸ்டிக் பலகை)தான் தண்ணீர் புகாததாயிற்றே, எனக்கு எதற்கு ஈரம்?

பலகைக்குத் தண்ணீர் புகாது, சரி. அடியில் மாட்டிய ஈரம் எங்கே போகும்?

உட்லண்ட்ஸ்: கடைக்காரர் பூஞ்சை வராது என்கிறார்.

பலகையில் வராது. பலகைக்கும் சிமெண்டுக்கும் நடுவில் தூசியும் பழைய பசையும் இருக்கிறதே, அதில் வரும். முதலில் வாடை, பிறகு ஓரங்களில் கறை.

தெம்பனிஸ்: உட்லண்ட்ஸ்காரர் சொல்வது சரிதான். என் வீட்டில் 4 வருடமாக ஒன்றுமில்லை.

உங்கள் தரை காய்ந்திருந்தது. அவருடையதை இன்னும் யாரும் அளக்கவில்லை.

அங் மோ கியோ: பார்க்கே மேலேயே போடலாமா?

ஆடாமல் சமமாக இருந்தால். கதவடி உரசுமா பாருங்கள்.

ஜூரோங்: ஈரம் எப்படிப் பார்ப்பது?

ஈசூனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பொங்கோல்: சுவரோரம் இடைவெளி விடாவிட்டால்?

விரிய இடமின்றி நடுவில் கூரைபோல் எழும்பும். மிதக்கும் தரைக்கு (அடியில் ஒட்டாமல் விரிக்கும் தரைக்கு) சுற்றிலும் 10 மி.மீ. விடுங்கள், ஸ்கர்ட்டிங் (சுவரடிப் பட்டை) மறைத்துவிடும். அதைப் பலகையில் அல்ல, சுவரில் ஒட்டுங்கள்.

செங்காங்: ஈரம்...

ஈசூன்.