ஒன்றிலிருந்துதான் ஆரம்பிக்கணுமா?

வாசகர் கேள்வி – பதில்

கே: ஃபைனல் ஃபேன்டஸி என்ற வீடியோ கேமில் 16 பாகம் வந்துவிட்டது. வரிசையாக ஆடினால்தான் புரியுமா? நண்பர்கள் ஏழு, ஏழு என்று உயிரை விடுகிறார்கள். என்னிடம் இருப்பது அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப்பும் ஒரு ஆண்ட்ராய்டு போனும். இங்கிலீஷ் மெதுவாகத்தான் படிப்பேன்.
– கல்லூரி மாணவர், திருமங்கலம்

ப: வரிசையெல்லாம் வேண்டாம் தம்பி. ஒன்பதில் ஆரம்பி.

ஃபைனல் ஃபேன்டஸியை ஒரு பத்திரிகையின் தீபாவளி மலர் மாதிரி நினைத்துக்கொள். அட்டையில் பெயர் அதேதான். உள்ளே கதை, ஆட்கள், உலகம் எல்லாம் ஒவ்வொரு தடவையும் வேறு. சிட் என்ற பேரில் கிட்டத்தட்ட எல்லாப் பாகத்திலும் ஒருத்தர் வருவார், பெரும்பாலும் பறக்கும் கப்பலோடு சம்பந்தப்பட்டவராக. ஏழில் வரும் சிட்டுக்கும் ஒன்பதில் வரும் சிட்டுக்கும் சொந்தபந்தம் கிடையாது. நம் ஊரில் தெருவுக்கு ஒரு பாண்டி இருக்கிற மாதிரிதான். பத்துக்கு அடுத்து 'பத்து-இரண்டு' என்று ஒன்று உண்டு, அது பத்தின் கதையையே தொடரும். பதின்மூன்றுக்கும் அப்படி இரண்டு வால் இருக்கிறது.

எண்ணை நம்பிக் குழம்பியவர்கள் அமெரிக்காக்காரர்கள். 1991-ல் நான்காம் பாகத்தை அங்கே 'இரண்டு' என்று விற்றார்கள். 1994-ல் ஆறாம் பாகம் 'மூன்று' ஆனது. 1997-ல் ஏழு மட்டும் ஏழாகவே போய் இறங்கியது. அவர்களே மூன்றிலிருந்து ஏழுக்குத் தாவிப் பிழைத்துக்கொண்டார்கள், நீ பயப்படாதே.

1987-ல் வந்த முதல் பாகத்தில் கதை ரொம்ப மெலிசு. அசல் பதிப்பில் ஒரே எதிரியை இரண்டு பேர் குறிவைத்து, முதல் அடியிலேயே அது செத்துவிட்டால், இரண்டாவது ஆள் காற்றை வெட்டிக்கொண்டு நிற்பான். பின்னால் வந்த பதிப்புகளில் அதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றாலும், ருசி பழகிய பிறகு ஆட வேண்டியது அது. ஏழு நல்ல விளையாட்டுதான், உன் நண்பர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அவர்கள் வீடியோவில் பார்ப்பது 2020-ல் புதிதாகச் செய்து வந்த ரீமேக்காக இருக்கும். அது முழுக்கதையின் முதல் பகுதி மட்டும், உன் லேப்டாப்புக்கு மூச்சு வாங்கிவிடும். 1997-ன் பழைய ஏழு ஓடும். அதில் முகங்கள் மரப்பாச்சி மாதிரி இருக்கும், இங்கிலீஷும் அங்கங்கே இடறும். மெதுவாகப் படிக்கிற உனக்கு அது வேண்டாம்.

சரி, ஏன் ஒன்பது? என் சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. அப்போது புதூரில் மூன்று டிவி வைத்து பிளேஸ்டேஷன் கடை நடத்திக்கொண்டிருந்தேன், மணிக்கு 10 ரூபாய். ஆடியதைப் பதிந்து வைக்கிற மெமரி கார்டு ஒன்றுதான். அதில் மொத்தம் 15 கட்டம், தெருப் பையன்கள் அத்தனை பேருக்கும் அதற்குள்தான் இடம். இரவு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒன்பதாம் பாகத்தை ஆடுவேன். நான்கு சிடி. நான்காவது சிடியைப் போட்ட மறுநாள், ஒரு பையன் தன் ஃபுட்பால் லீக்கை சேவ் பண்ண இடமில்லை என்று என்னுடையதை அழித்துவிட்டான். 38 மணி நேரம் போச்சு. அவனைத் திட்டக்கூட முடியவில்லை, தினமும் வருகிற கிராக்கி. ஒரு வாரம் கழித்து முதல் சிடியை மறுபடி போட்டேன். தண்டனையாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் தடவையைவிட நன்றாக இருந்தது.

ஆரம்பத்தில் விவி என்று ஒரு சின்னப் பையன் வருவான். தலையை மூடுகிற கூம்புத் தொப்பி, முகம் இருட்டு, இரண்டு மஞ்சள் கண் மட்டும் தெரியும். சித்திரைத் திருவிழாவுக்குத் தனியாக வந்த பிள்ளை மாதிரி, பெரிய ஊரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து, தடுக்கி விழுவான். நாடகம் பார்க்க டிக்கெட் வைத்திருக்கிறான். கவுண்டரில் நீட்டினால், போலி டிக்கெட். கவுண்டர்காரர் மனமிரங்கி விளையாட்டுச் சீட்டு மூன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார். அப்புறம் எலிமூஞ்சிப் பையன் ஒருவன் ஏணியைத் திருடிக் கூரைமேல் ஏற்றிக் கூட்டிப்போவான். அங்கே சண்டையும் இல்லை, லெவலும் இல்லை. ஆனால் அந்தத் தொப்பிக்காரனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று உனக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும். அங்கேயே மாட்டிக்கொண்டாய்.

பேச்சுக் குரல் கிடையாது, எல்லாம் எழுத்துப் பெட்டியில் வரும். பெரும்பாலான இடங்களில் பட்டனைத் தட்டும்வரை அந்தப் பெட்டி காத்திருக்கும். புரியாத சொல்லைப் பக்கத்து போனில் தேடிவிட்டு வரலாம். சண்டையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டை நிரம்பும், நிரம்பினால் அவர் முறை. முதல் வேலையாக செட்டிங்கில் 'வெயிட்' என்று மாற்று, வேகத்தையும் குறை. மந்திரப் பட்டியலைத் திறந்து படிக்கிற நேரத்தில் எதிரி சும்மா நிற்பான்.

இன்னொன்று. இதில் ஆயுதமும் சட்டையும்தான் வாத்தியார். ஒரு கத்தியைக் கட்டிக்கொண்டு போதுமான சண்டை போட்டால் அதிலுள்ள வித்தை உனக்கே சொந்தமாகிவிடும். அதுவரை பழையதை விற்காதே, நான் விற்றுவிட்டு அலைந்தவன். 12 மணி நேரத்துக்குள் கடைசி இடத்துக்குப் போனால் மட்டும் கிடைக்கிற ஒரு வாள் உண்டு. அதை மறந்துவிடு.

2016-ல் வந்த பதிப்பு ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, கம்ப்யூட்டரிலும் இருக்கிறது. வேகமாக ஓட்டும் பட்டன் அதில் உண்டு, தாராளமாகப் பயன்படுத்து. எதிரியே வராமல் செய்யும் பட்டனை மட்டும் போட்டே வைக்காதே, பெரிய பாஸ், அதாவது தலைமை எதிரி, வரும்போது உன் ஆட்கள் நோஞ்சானாக நிற்பார்கள். வருஷத்தில் சில தடவை சலுகை விலை வரும், பொறுத்து வாங்கு.

கே: பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) இருக்கிறது. வேலை முடிந்து ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். எதில் தொடங்கலாம்?
– வாசகர், மேலூர்

ப: பத்து. 2001-ல் வந்தது, இந்த வரிசையில் ஆட்கள் வாய் திறந்து பேசிய முதல் பாகம். சண்டையில் அவசரமே இல்லை. அடுத்து யார் முறை என்று வலது ஓரத்தில் வரிசை தெரியும், நீங்கள் டீ குடித்துவிட்டு வந்து அடிக்கலாம். பாதையும் பெரும்பாலும் நேர்ரோடு, நேற்று எங்கே விட்டோம் என்று தலையைச் சொறிய வேண்டாம். ஒரு குறை, கதைக் காட்சிகளைத் தாண்ட முடியாது. பெரிய பாஸுக்கு முன்னால் வரும் நீண்ட காட்சியைத் தோற்கிற ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும்.

கே: நேராகப் பதினாறு?
– வாசகர், வாடிப்பட்டி

ப: ஆடலாம். முறை வைத்து அடிப்பதெல்லாம் இல்லை, கை வேகம்தான். அது பிடித்துவிட்டு அடுத்ததாகப் பழைய பாகத்தை எடுத்தால், ஏன் எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள் என்பீர்கள். ரத்தமும் மற்றதும் நிறைய. பிள்ளைகள் இருக்கிற வீட்டு ஹாலில் வேண்டாம்.

கே: என் மகன் மூன்று மாதமாக ஒரே கேமை விளையாடுகிறான், முடிந்தபாடில்லை. பிஎஸ்4-ல் பத்தாம் பாகமாம். சாப்பிடக் கூப்பிட்டால் "உருண்டை வரட்டும்மா" என்கிறான். என்ன உருண்டை?
– ஓர் அம்மா, உசிலம்பட்டி

ப: மூன்று மாதம் சாதாரணம்மா. கதையை மட்டும் முடிக்கவே 40 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த உருண்டை வழியில் அங்கங்கே மிதக்கும், பளபளவென்று இருக்கும். அதைத் தொட்டு சேவ் செய்தால் அதுவரை ஆடியது பத்திரம், அடிபட்ட ஆட்களும் தேறிவிடுவார்கள். தொடுவதற்கு முன் அணைத்தால் போன உருண்டையிலிருந்து மறுபடி நடக்கணும். அதனால் பையன் சொல்வது உண்மைதான், 10 நிமிஷம் கொடுங்கள்.

ஆனால் பிஎஸ்4-ல் ரெஸ்ட் மோட் என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போகாதவரை, விட்ட இடத்திலேயே விளையாட்டு அப்படியே தூங்கும். இது உங்கள் மகனுக்குக் கண்டிப்பாகத் தெரியும். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டான்.