அந்நிய வீட்டில் நான்கு வாரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் கோலாலம்பூரில் பட்டப்படிப்பு இரண்டாம் ஆண்டு. ஒரு வருடமாக ஸ்பானிஷ் படிக்கிறாள். ஆகஸ்ட் விடுமுறையில் ஸ்பெயினில் சலமான்காவுக்குப் போய், ஒரு குடும்பத்தோடு நான்கு வாரம் தங்கி அந்த மொழியைப் படிக்க வேண்டுமாம். பகுதிநேர வேலை செய்து பாதிப் பணம் சேர்த்துவிட்டாள். மீதியை நாங்கள் போட வேண்டும். அவள் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாதவர் வீட்டில் பெண்பிள்ளை எப்படித் தங்குவாள், மாட்டிறைச்சி தொடாதவள் அங்கே என்ன சாப்பிடுவாள் என்கிறார். எனக்கு வேறு சந்தேகம். எல்லாம் யூடியூபிலேயே இருக்கும்போது இவ்வளவு வெள்ளியைக் கொட்டிப் போனால் மட்டும் மொழி வந்துவிடுமா? அனுப்பினால் தினமும் நம் நேரம் இரவு ஒன்பதுக்கு வீடியோ காலில் வர வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

அனுப்புங்கள். ஆனால் அந்த ஒன்பது மணி நிபந்தனையை முதலில் எடுத்துவிடுங்கள்.

ஆகஸ்டில் ஸ்பெயின் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் இருக்கும். நம் இரவு ஒன்பது அங்கே பிற்பகல் மூன்று. ஸ்பெயின்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவதே இரண்டு, இரண்டரைக்குத்தான். அன்றைய பெரிய சாப்பாடும் அதுதான். முடித்ததும் யாரும் எழுந்து போய்விட மாட்டார்கள். தட்டை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, காபி குடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருப்பார்கள். ‘சோப்ரெமேசா’ என்று அதற்குத் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், தங்குவதற்கு உங்கள் மகள் கட்டுகிற காசில் பாதி அந்தப் பேச்சுக்குத்தான். சரியாக அந்த நேரம் பார்த்து அவளை அறைக்குள் இழுத்துத் தமிழில் ‘சாப்பிட்டியாமா’ என்று கேட்கப்போகிறீர்கள். தினமும் குரலைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் நம் மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடுங்கள். அங்கே காலை எட்டு. வகுப்புக்குக் கிளம்புகிற நேரம், பத்து நிமிடம் பேசலாம்.

இன்னொன்று. பள்ளிகள் பொதுவாக அரை உணவு (காலையும் இரவும்), முழு உணவு (மூன்று வேளையும்) என்று இரண்டு வகை வைத்திருக்கும். காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று அரை உணவை எடுத்தால், மதியம் வெளியே மற்ற மாணவர்களோடு ஆங்கிலம் பேசிக்கொண்டு பர்கர் தின்பதில் போய் முடியும். முழு உணவை எடுக்கச் சொல்லுங்கள்.

என் அண்ணன் மகள் ஸ்பெயினின் கிரனாடாவில் இப்படித் தங்கிப் படித்தாள். நம் வளர்ப்பு அப்படி, முதல் வாரம் சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்த கையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாளாம். தொந்தரவு கொடுக்கக் கூடாதாம். அந்த வீட்டு அம்மாவோ இந்தப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா, சமையல் பிடிக்கவில்லையா என்று பள்ளிக்கே போன் போட்டுவிட்டார். அப்புறம்தான் கூடத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அங்கே ஒரு பாட்டி. மதியச் சாப்பாடு முடிந்ததும் லா 2 சேனலில் 1997லிருந்து ஓடிக்கொண்டிருக்கும் வினாடிவினாவைத் தவறவிட மாட்டார். கேள்விகள் இவளுக்குப் பிடிபடவில்லை. ஆனால் பாட்டி டிவியைப் பார்த்துப் பதிலைக் கத்துவதும், போட்டியாளர் சொதப்பினால் திட்டுவதும் நன்றாகவே புரிந்தது. ஒருநாள் கையில் அடிபட்டதைக் காட்டி ‘எல் மானோ’ என்றிருக்கிறாள். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே ‘லா மானோ’ என்றாராம் பாட்டி. ‘மானோ’ என்றால் கை; ஆண்பால் சொல்லுக்கு முன்னால் ‘எல்’ வரும், பெண்பாலுக்கு ‘லா’. ஓகாரத்தில் முடிகிற சொல் பெரும்பாலும் ஆண்பால், ஆனால் இந்தக் கை அடம்பிடித்துப் பெண்பாலில் நிற்கும். வகுப்பில் எழுதிப் பார்த்தும் மண்டையில் ஏறாத விஷயம் அன்றைக்கு ஏறிவிட்டது.

நான்கு வாரத்தில் மொழி வந்துவிடுமா என்றால், வராது. வாரத்துக்கு 20 பாடம் என்பது வழக்கமான கணக்கு. நான்கு வாரத்துக்கு 80. தங்கள் தூதரக ஊழியர்களுக்கு ஸ்பானிஷ் கற்றுக்கொடுக்க அமெரிக்க வெளியுறவுத் துறை ஒதுக்குவது சுமார் 30 வாரம், அதுவும் முழுநேரப் படிப்பு. உங்கள் மகள் ஒன்றுமே தெரியாமல் போயிருந்தால் நான் வேண்டாம் என்றிருப்பேன். ஒரு வருடம் படித்தவளுக்கு அந்த 80 பாடம் பெரிதில்லை. காதில் விழுந்தும் வாயில் வராமல் கிடப்பதை அந்த வீடு வெளியே இழுக்கும். யூடியூப் அவள் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்காது.

ஆனால் வெளிநாட்டு மண்ணை மிதித்ததாலேயே எதுவும் நடந்துவிடாது. பிரெஞ்சு படித்த அமெரிக்க மாணவர்களை மூன்று விதமான சூழலில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2004இல் வந்தது. சரளத்தில் அதிகம் முன்னேறியவர்கள் பிரான்சுக்குப் போனவர்கள் அல்லர். சொந்த நாட்டிலேயே, பிரெஞ்சு மட்டும் பேசுகிற கோடைக்கால முகாமில் இருந்தவர்கள். பாரிஸுக்குப் போனவர்கள் பிரெஞ்சைவிட ஆங்கிலத்தையே அதிகம் பேசிக்கொண்டிருந்தார்கள். அதனால் அதே வீட்டில் வேறு மாணவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் என்ன மொழி பேசுவார்கள் என்று இப்போதே கேட்டுவைக்கட்டும். கூட ஒரு மலேசியப் பிள்ளை இருந்தால் துணைக்கு ஆயிற்று என்று உங்கள் வீட்டுக்காரர் சந்தோஷப்படுவார். எனக்கு அதில் சந்தோஷமில்லை.

அவருடைய பயம் நியாயம்தான். நம் ஊரில் ஹோம்ஸ்டே என்றால் என்ன? தாமானில் பூட்டிக் கிடக்கிற வீட்டில் பலகையை மாட்டி, கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது. சாவி தபால் பெட்டிக்குள் இருக்கும், வீட்டுக்காரர் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டோம். 1995இல் அரசாங்கம் கம்போங்களில் தொடங்கிய திட்டத்தில்தான் குடும்பத்தோடு தங்குவது என்பது உண்டு. சலமான்காவில் உள்ளது அந்த வகை. வீட்டைப் பள்ளி ஏற்பாடு செய்யும், வீட்டுக்காரருக்கு அது ஒரு வருமானம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அறைக்குப் பூட்டு உண்டா, ஒத்துவராவிட்டால் எத்தனை நாளில் வேறு வீடு தருவார்கள், ராத்திரியில் கூப்பிட எந்த எண் என்று பள்ளியிடம் எழுதியே கேளுங்கள். ஒழுங்காகப் பதில் வராத பள்ளி வேண்டாம். ஊரை நல்லதாகத்தான் பார்த்திருக்கிறாள். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிற இடம், வெளியூர் மாணவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். பார்சலோனா என்றால் சில வீடுகளில் குடும்பத்துக்குள் அந்த வட்டார மொழியான கத்தலான் ஓடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

சாப்பாட்டில் மாட்டைவிடப் பன்றிதான் அதிகம் எதிர்ப்படும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மொட்டையாகச் சொன்னால் ஹாம் துண்டோ டூனாவோ தட்டில் வந்து நிற்கலாம், அதையெல்லாம் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் உண்டு. எதெது ஆகாது என்று பெயர் சொல்லி விண்ணப்பத்திலேயே எழுதட்டும். கொண்டைக்கடலையும் பருப்பும் அங்கே வீட்டுச் சமையல்தான், ஆனால் பருப்புக்குள் சொரிசோ என்ற பன்றித் தொத்திறைச்சி மிதக்கும். உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை கிடைக்கும், அதில் பயமில்லை. காரம் இருக்காது. நெத்திலிச் சம்பல் கட்டிக் கொடுக்கலாம். நெய் வேண்டாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுபோக அனுமதி இல்லை.

நம் கடப்பிதழுக்கு 90 நாள்வரை விசா தேவையில்லை. அங்கிருந்து கிளம்பிய பிறகும் மூன்று மாதமாவது கடப்பிதழ் செல்லுபடியாக வேண்டும். டிக்கெட் போடுவதற்கு முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.